தீபாவளிக்கு எத்தனை அடுக்கு?

2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. ஹாலோவீனுக்கும் அதே தேதிதான். அந்த மாதம் மலேசியப் பேரங்காடிகளில் சாமான் வாங்கப் போனவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்திருப்பார்கள்: பல்லிளிக்கும் பூசணிக்காய், பக்கத்தில் தோகை விரித்த மயில்; பிளாஸ்டிக் எலும்புக்கூடு, பக்கத்தில் பேட்டரியில் எரியும் அகல்விளக்கு. செப்டம்பரில் மூன்கேக் திருவிழாவின் கூண்டு விளக்குகள் தொங்கிய கம்பிகளில்தான் தீபாவளித் தோரணம் ஏறுகிறது. நவம்பர் பிறந்ததும் அதே கம்பிகளைக் கிறிஸ்துமஸ் மணிகள் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் கிடைக்கும் சில வாரங்கள்தான் தீபாவளியின் பங்கு.

அந்தச் சில வாரங்களில் அந்த அடுக்கில் என்ன இருக்கிறது, அதை யார் பொறுக்கி எடுத்தார்கள், அதில் எழுதியிருக்கும் தமிழ் தமிழாக இருக்கிறதா? அலங்காரச் சமாசாரம்தானே என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. தள்ளக் கூடாது. ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு கடை, தன் வாசலுக்கு வருபவர்களில் யார் யாரை நினைவில் வைத்திருக்கிறது என்பது அந்த அடுக்கில்தான் தெரிகிறது.

பினாங்கில் தீபாவளிச் சாமான் என்றால் கால் தானாகப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அரசாங்கப் பலகையில் லெபோ பாசார், ஆங்கிலத்தில் மார்க்கெட் ஸ்திரீட், தமிழர் வாயில் கடைத்தெரு. லிட்டில் இந்தியாவின் நடுநரம்பு அது. பக்கத்தில் குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். சில நிமிட நடையில் 1801ஐத் தன் தொடக்கமாகக் கொண்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெருவில் நாகூர் தர்கா. 1786இல் இந்தத் தீவில் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட், 1794இல் இங்குள்ள மக்களைப் பற்றி எழுதும்போது, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் குடியேறிவிட்டதாகவும், அவர்கள் கடைக்காரர்களும் கூலியாட்களும் என்றும் குறித்து வைத்தார். இந்த மண்ணில் கடை விரித்தவர்களில் தமிழர்கள் முதல் வரிசை. அந்தத் தெருவில் தீபாவளி வாங்குவதற்கு ஈடாக எதுவும் இல்லை. கோலப்பொடி குவியல் குவியலாக நிற்கும். நல்லெண்ணெய், சீயக்காய், முறுக்கு அச்சு, வாழையிலை, மல்லிகைச் சரம் எல்லாம் நாலு எட்டுக்குள் கிடைக்கும். எதற்கு எது என்று கடைக்காரருக்கே தெரியும். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஆனால் எல்லோராலும் கடைத்தெருவுக்கு வந்துவிட முடிவதில்லை. பினாங்கு மாநிலம் என்பது தீவு மட்டுமல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் என்று விரியும் செபராங் பிறையும் சேர்ந்ததுதான். 1985இல் முதல் பாலமும் 2014இல் இரண்டாவது பாலமும் திறந்த பிறகும், தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று பாலம் தாண்டி வந்து ஜார்ஜ்டவுனில் கார் நிறுத்த இடம் தேடுவது லேசான காரியம் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் ஒரு தாய், வீட்டுக்குப் போகும் வழியில் உள்ள பேரங்காடியில்தான் அரிசியும் பாலும் வாங்குகிறாள். கையோடு ஒரு தோரணமும் அங்கேயே கிடைத்தால் அவளுக்கு அது பெரிய உதவி. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடு. பினாங்கில் அது 10ஐ ஒட்டி வருகிறது. சரவாக் தவிர நாடு முழுவதும் தீபாவளிக்குப் பொது விடுமுறை. இத்தனை இருந்தும், சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் கடை முழுக்கச் சிவப்பும் பச்சையும் பூசிக்கொள்வதைப் பார்த்து வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை, தன் பண்டிகையை ஒரு மூலை அடுக்கில் குனிந்து தேட வேண்டியிருந்தால் அது மனசில் பதியும். வீட்டில் எத்தனை விளக்கு ஏற்றினாலும் அந்தப் பதிவு லேசில் போகாது.

ஆகவே பேரங்காடியில் தீபாவளி அடுக்கு வேண்டும். பண்டிகையைக் கடைச்சரக்கு ஆக்கிவிட்டார்கள் என்ற புலம்பல் இங்கே எடுபடாது. கடைச்சரக்கில்லாத தீபாவளி எந்தக் காலத்தில் இருந்தது? புதுத்துணியும் எண்ணெயும் வெடியும் கடையிலிருந்துதான் வந்தன.

கடை அடுக்கு ஒரு வழக்கத்தையே உண்டாக்கிவிடும் என்பதற்கு மலேசியத் தமிழர் வீட்டிலேயே சான்று இருக்கிறது. சீனர்கள் புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறை வந்தது. தீபாவளிக்கு ஊதா உறை வந்தது. வங்கிகளும் கடைகளும் மயில் படமும் விளக்குப் படமும் போட்டு அச்சடித்துத் தருகின்றன. பேச்சு வழக்கில் அதற்கும் அங்பாவ் என்றே பெயர். எந்தச் சாஸ்திரமும் ஊதா என்று சொல்லவில்லை. இன்று ஊதா உறை இல்லாத மலேசியத் தீபாவளியைப் பிள்ளைகளால் நினைத்துப் பார்க்க முடியாது. மூன்று இனம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததால் விளைந்த அழகான வழக்கம் அது. ஆனால் அதே வழியில் தவறான ஒன்று அடுக்கில் ஏறினாலும், இருபது வருஷத்தில் அதுவும் வழக்கம் என்றாகிவிடும். கவனம் வேண்டுவது இதனால்தான்.

இதே பாதையில் வேறொரு சிறுபான்மை நமக்கு முன்னே நடந்திருக்கிறது. யூதர்களின் ஹனுக்கா விளக்குத் திருநாள், அவர்களுடைய நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு நாள் நடக்கும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எருசலேம் ஆலயத்தை மீட்டு மறுபடி புனிதப்படுத்தியதன் நினைவு. ஒரு நாளுக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது அவர்கள் சொல்லும் கதை. விளக்குத் தண்டில் ஒன்பது முனை இருக்கும். நாளுக்கொன்றாக எட்டு, மற்றவற்றை ஏற்றுவதற்காக ஒன்று. பழைய ஆலயத்தில் இருந்ததோ ஏழு கிளை விளக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஏழு கிளை விளக்கை ஹனுக்கா அலங்காரத்தில் சேர்ப்பது இன்றும் நடக்கிற பிழை. கிறிஸ்துமஸை ஒட்டி வருவதால் அமெரிக்கக் கடைகள் அதற்கு நீலமும் வெள்ளியுமாக ஓர் அடுக்கை ஒதுக்கின. மத வரிசையில் சிறிய திருநாளாக இருந்தது, பக்கத்து அடுக்கின் செல்வாக்கால் அங்கே பெரிய பரிசுத் திருநாளாக வளர்ந்தது. 1996இல் அமெரிக்க அஞ்சல் துறை ஹனுக்காவுக்குத் தபால்தலை வெளியிட்டது. தீபாவளிக்கு அந்தத் தபால்தலை கிடைக்க 2016 வரை ஆயிற்று.

அங்கீகாரம் கிடைத்தது, கூடவே அலட்சியமும் வந்தது. 2007 டிசம்பரில் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு மளிகைக் கடை, பன்றித் தொடை இறைச்சிக்கு மேல் அது ஹனுக்காவுக்குச் சுவையானது என்று அட்டை எழுதி வைத்தது. பன்றி, யூத உணவு விதியில் முற்றாக விலக்கப்பட்டது. ஒரு வாடிக்கையாளர் எடுத்த படம் இணையத்தில் பரவி ஊர் சிரித்தது. அட்டை எழுதியவருக்கு வன்மம் எதுவும் இருந்திருக்காது. ஒரே ஒரு யூதரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

யூதர் கதை பினாங்கு வாசகருக்கு எங்கோ தூரத்துக் கதையும் அல்ல. நாகூர் சாலை என்று நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு சாலையில், 28ஆம் எண் வீட்டில் 1929இல் ஒரு யூதத் தொழுகைக்கூடம் திறக்கப்பட்டது. பாக்தாத் வழியில் வந்த வணிகக் குடும்பங்கள் அதை நடத்தின. வழிபாட்டுக்குக் குறைந்தது பத்துப் பேர் சேர வேண்டும் என்பது அவர்கள் முறை. ஜப்பானியப் படையெடுப்பும் அதற்குப் பிந்தைய புலம்பெயர்வும் குடும்பங்களைச் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வேறு நாடுகளுக்கும் கொண்டுபோயின. அந்தப் பத்துப் பேர் தேறாமல் 1976இல் கூடம் மூடப்பட்டது. 1805ஐத் தொடக்கமாகச் சொல்லும் அவர்களுடைய கல்லறைத் தோட்டம், முன்பு யூதர் சாலை என்று பெயர் கொண்டிருந்து இப்போது ஜாலான் ஜைனல் அபிடின் ஆகிவிட்ட தெருவில் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைகள். கடைசியாக அடக்கம் நடந்தது 2011இல். ஒரு சமூகம் எத்தனை சிறியதானாலும் அதன் விளக்கு ஏற்றும் நாள் ஊரின் நாட்காட்டியில் ஒரு நாள்தான். அந்தத் தெரு வழியாகப் போகும்போது, பண்டிகை அடுக்கு என்பது வெறும் வியாபாரம் என்று சொல்ல நாக்கு எழாது.

இனி நம் அடுக்குக்கு வருவோம். முதலில் கண்ணில் படுவது பெயர். மலேசியாவில் சட்டப்படியும் வழக்கப்படியும் இந்தப் பண்டிகையின் பெயர் தீபாவளி. மலாய் வாழ்த்திலும் 'செலாமாட் ஹாரி தீபாவளி' என்றே வரும். ஆனால் வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வரும் தோரணங்களிலும் பலூன்களிலும் 'ஹேப்பி திவாலி' என்றிருக்கும். வட இந்திய நண்பர்களுக்கு அது சரியான பெயர். அவர்கள் அதை வாங்கட்டும். இந்த நாட்டில் பண்டிகையைக் கொண்டாடுகிறவர்களில் பெரும்பான்மையோர் தமிழர். அவர்கள் ஒரு நாளும் திவாலி என்று சொன்னதில்லை. பெயரோடு போகிற வேறுபாடும் அல்ல இது. வடக்கே அமாவாசை இரவில் லட்சுமி பூசை முக்கியம். தமிழருக்கு நரக சதுர்த்தசி விடியலில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பதுதான் தீபாவளி. அடுக்கு முழுக்கத் தாமரையில் அமர்ந்த லட்சுமியும் காலடித் தடமும் இருக்க, நல்லெண்ணெய்ப் புட்டி மட்டும் நாலு வரிசை தள்ளிச் சமையல் சாமான்களோடு நிற்கிறது. அந்த ஒரு புட்டியைத் தூக்கி இங்கே வைத்தால் போதும், அடுக்குக்குத் தமிழ் முகம் வந்துவிடும். காசும் செலவில்லை.

அகல்விளக்கு விஷயம் இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டில் வரிசை வரிசையாக அகல் ஏற்றுவது கார்த்திகைக்கு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விளக்குத் திருநாள் என்ற பெயரே நிலைத்து, தீபாவளிக்கும் அகல் ஏற்றும் வழக்கம் ஊன்றிவிட்டது. அது இந்த மண்ணின் தீபாவளி. அதைக் குறை சொல்லத் தேவையில்லை. ஆனால் சில வாரம் கழித்துக் கார்த்திகை தீபம் வரும்போது அகல் தேடினால் அந்த இடத்தில் பனிமனிதன் நிற்கிறான். மிஞ்சிய அகல்களைக் கழிவு விலைக்குத் தள்ளிவிடாமல் கார்த்திகை வரை ஒரு கூடையில் வைத்திருக்கலாம். கடைக்கும் சரக்கு தேங்காது.

அடுத்தது எழுத்து. மனசு உண்மையிலேயே நோவது இங்கேதான். கடைகளிலும் விளம்பரப் பதாகைகளிலும் தமிழ் வாழ்த்து சிதைந்து தொங்குவதைப் பார்க்காத மலேசியத் தமிழர் இருக்க முடியாது. 'அனைவருக்கும்' என்பது 'அனவைருக்கும்' என்று நிற்கும். இது எழுதியவர் செய்த பிழை அல்ல. கணினிக்குள் 'னை' என்ற எழுத்து, முதலில் ன, பிறகு ஐகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியைத் தூக்கி னகரத்துக்கு முன்னால் நிறுத்துவது மென்பொருளின் வேலை. தெற்காசிய எழுத்துகளுக்கான வசதியைத் திறக்காமல் வரைகலை மென்பொருளில் தமிழை ஒட்டினால், குறி பின்னாலேயே நின்று அடுத்து வரும் வகரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. 'து' என்பது இரண்டு துண்டாகப் பிளக்கும். புள்ளி தலையிலிருந்து நழுவிப் பக்கத்தில் விழும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது, அச்சகத்துக்கும் தெரியாது, கடை மேலாளருக்கும் தெரியாது. பத்தடிப் பதாகை நாலு கையைத் தாண்டி ஏறிவிடுகிறது, படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணிலும் படாமல்.

தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் சிங்கப்பூருக்கே இது நேர்ந்திருக்கிறது. 2017இல் தேசிய நாள் அணிவகுப்புக்கான துண்டறிக்கையில் தமிழ் வரி உருக்குலைந்து அச்சேறி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. பினாங்கில் இந்தச் சாக்குக்கு இடமே இல்லை. இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எந்தப் பள்ளியில் எந்த ஆசிரியரிடம் ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஐந்து நிமிடத்தில் திருத்தித் தருவார். ஜார்ஜ்டவுனின் பாரம்பரியப் பகுதியில் தெருப்பெயர்ப் பலகைகளில் தமிழ் ஒழுங்காக நிற்கிறதே. தெருப்பலகையில் முடிந்தது தோரணத்தில் முடியாதா? சீன எழுத்தில் ஒரு கோடு மாறினால் கடைக்காரர் அதே மணி நேரத்தில் பதாகையை இறக்குவார், ஏனென்றால் கடையிலேயே பத்துப் பேருக்கு அது தெரியும். தமிழுக்கும் அந்தப் பத்துப் பேர் கடையில் உண்டு. காசுமுகப்பில் நிற்கும் பெண், கிடங்கில் பெட்டி தூக்கும் பையன், வாசலில் நிற்கும் பாதுகாவலர். அவர்களை யாரும் கேட்பதில்லை.

தெய்வப் படங்களிலும் இதே கவனம் வேண்டும். கால்மிதியில் இந்துத் தெய்வங்களின் உருவத்தை அச்சிட்டு விற்றதற்காக 2016இல் ஓர் உலகப் பெரிய இணைய அங்காடி கடும் எதிர்ப்பைச் சந்தித்துப் பொருளைத் திரும்பப் பெற்றது. தரையில் ஒட்டும் கோல ஒட்டியில் பிள்ளையார் முகம் வருவதும் அந்த வகைப் பிழைதான். தாமரை, மயில், மாங்காய் வடிவம் என்று தரைக்கு ஏற்ற உருவங்கள் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன.

நன்றாகச் செய்யப்படுவதையும் சொல்ல வேண்டும். மலேசியப் பேரங்காடிகளின் நடுமண்டபத்தில் தீபாவளிக்குப் போடும் பெரிய கோலம் இந்த நாட்டுக்கே உரிய ஒரு கலையாக வளர்ந்துவிட்டது. அரிசிமாவுக்குப் பதில் நிறம் ஏற்றிய அரிசியைக் கொட்டி நிரப்புவார்கள். வீட்டு வாசல் கோலம் காலையில் பிறந்து மாலைக்குள் எறும்புக்கும் காலடிக்கும் போய்விடும். இந்தக் கோலம் வாரக்கணக்கில் கயிறு கட்டி நிற்கும். ஒரு குழு இரவெல்லாம் மண்டியிட்டு உட்கார்ந்து அதைப் போடுகிறது. காலையில் கடை திறந்ததும் சீனப் பாட்டியும் மலாய்ப் பிள்ளைகளும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே மட்டும் ஏன் பிழை வருவதில்லை? காரணம் எளிது: கோலம் போடத் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் போடச் சொல்கிறார்கள். அடுக்குக்கும் அதே முறையைக் கையாளலாம்.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தமிழ்க் குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அகலும் பொங்கல் பானையும் செய்து வருகின்றன. பினாங்குக்கு லாரியில் ஒரு நாள் தூரம்கூட இல்லை. கப்பலில் வரும் பளபளப்பு விளக்குக்குப் பக்கத்தில் அந்த மண் அகலை வைத்து, எந்த ஊரில் செய்தது என்று ஒரு வரியும் எழுதினால், வாங்குகிறவர் கை எதை எடுக்கும் என்று கடைக்காரரே பார்க்கலாம்.

வாங்குகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பேரங்காடியில் தோரணம் கிடைக்கிறது என்பதற்காகக் கடைத்தெருவைக் கைவிட்டால், அடுத்த தலைமுறைக்கு எதற்கு எது என்று சொல்ல ஆள் இருக்காது. ஒட்டியும் மின்சரமும் அங்கே வாங்கலாம். சீயக்காயும் கோலப்பொடியும் பூவும் இங்கே வாங்கலாம். பிழையான பதாகையைப் பார்த்தால் படம் எடுத்து முகநூலில் போட்டுத் திட்டுவதோடு நின்றுவிடாமல், வாடிக்கையாளர் முகப்புக்குப் போய்ச் சரியான வரியைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது.

2026இல் தீபாவளி நவம்பர் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஹாலோவீன் முடிந்து ஒரு வாரம்; கிறிஸ்துமஸ் மரங்கள் பெட்டியைவிட்டு வெளியே வரத் துடிக்கும் சமயம். கடைகள் இந்த மாதிரிப் பண்டிகைச் சரக்குக்குப் பல மாதம் முன்பே ஆணை கொடுத்துவிடும். அதற்குள் ஒரு கடை மேலாளர் தன் காசுமுகப்பில் நிற்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "உங்கள் வீட்டில் தீபாவளிக்கு என்னம்மா வாங்குவீர்கள்?" என்று கேட்க நேரம் இருக்கிறது.